தாத்தாவா, ராஜாக்களா, பாட்டியின் காதா?

நாகர்கோவிலைச் சுற்றி நான்கு கிளைகள் வைத்திருக்கும் ஒரு செல்போன் கடைக்காரர் போன மாதம் என்னைக் கூப்பிட்டு ஒரே ஒரு நிபந்தனை சொன்னார். "அண்ணாச்சி, கிறிஸ்துமஸுக்குச் சிரிக்கிற மாதிரி விளம்பரம் வேணும். துபாயில இருக்க மகன் திடீர்னு வாசல்ல வந்து நிக்கிறது, அம்மா கண்ணைத் தொடைக்கிறது, அது மட்டும் வேண்டாம். அத எல்லாரும் எடுத்தாச்சு." கையில் இருப்பது ஒன்றரை லட்சம் ரூபாய். அதற்குள் முப்பது நொடிப் படம் ஒன்று, கடைக்குள்ளும் ஆட்டோ முதுகிலும் வைக்கச் சில அட்டைகள், மிச்சம் இருந்தால் உள்ளூர் கேபிளில் ஓட்டக் காசு.

ஒரு வாரம் யோசித்ததில் ஐந்து யோசனை தேறியது. எதை எடுக்கலாம் என்று அவருக்கு எழுதிக் கொடுத்த குறிப்பைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் ஊரைச் சொல்ல வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் 6.12 விழுக்காடு. கன்னியாகுமரி மாவட்டத்தில் 46.85. சென்னையில் கிறிஸ்துமஸ் விளம்பரம் என்றால் பனி, கலைமான், சிவப்புக் குல்லா போதும். இங்கே பனியைக் காட்டினால் அதற்கே தனியாகச் சிரிப்பார்கள். நள்ளிரவு ஆராதனையிலும் மின்விசிறி சுற்றுகிற ஊர் இது. டிசம்பர் தூறலில் காகித ஸ்டார் நனைந்து தொங்குவது, எட்டு மணிக்கு வருகிறோம் என்று சொன்ன கேரல் கோஷ்டி பன்னிரண்டு மணிக்கு வந்து எழுப்புவது, முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் தட்டில் ஏறிப் பக்கத்து வீடுகளுக்குப் போவது எல்லாம் எந்த மதத்தாருக்கும் இங்கே தெரியும். பார்க்கிறவருக்கு எழுதுகிறவனைவிட அதிகம் தெரியும். நகைச்சுவை எழுதுகிறவனுக்கு அதைவிட வசதி கிடையாது. தப்பாக எழுதினால் மாட்டிக்கொள்வதும் அதனால்தான்.

எந்த யோசனை வந்தாலும் நான் அதனிடம் இரண்டு கேள்வி கேட்பேன். இந்தச் சிரிப்பிலிருந்து போனை எடுத்துவிட்டாலும் சிரிப்பு மிஞ்சுமா? மிஞ்சினால் அது நல்ல ஜோக், ஆனால் விளம்பரம் இல்லை. இரண்டாவது, யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்?

முதல் கேள்வி எனக்கு வந்தது 2009 ஐபிஎல் சமயத்தில் வோடஃபோன் விட்ட ஜூஜூக்களைப் பார்த்து. வெள்ளை உடம்பு, முட்டைத் தலை, யாருக்கும் புரியாத பேச்சு. நம்மில் பலர் அதைக் கார்ட்டூன் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். உண்மையில் அது நடிகர்களுக்கு உறை மாட்டி, தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் எடுத்தது. யோசனை ஓகில்வி நிறுவனத்துடையது, இயக்கியவர் பிரகாஷ் வர்மா. கிட்டத்தட்ட முப்பது குட்டிப் படங்கள். கிரிக்கெட் தகவல் அனுப்புவது, போனில் உள்ள நம்பர்களைப் பத்திரமாக எடுத்து வைப்பது என்று ஒவ்வொரு படத்துக்கும் ஒரே ஒரு சேவை. அந்தச் சேவை என்ன என்று விளக்குவதுதான் ஜோக்கே. சேவையை எடுத்துவிட்டால் இரண்டு வெள்ளை உருவங்கள் சும்மா நின்றுகொண்டிருக்கும்.

சரி, யோசனைகளுக்கு வருவோம்.

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது மூன்று ராஜாக்கள். குழந்தை இயேசுவைத் தேடி ஒட்டகத்தில் வருகிறார்கள், வழிகாட்டும் நட்சத்திரம் மேகத்தில் மறைந்துவிடுகிறது, ஒருவர் போனை எடுத்து மேப்பைப் போடுகிறார், "வலதுபுறம் திரும்பவும்" என்று ஒரு பெண் குரல். இதைச் சொன்னால் அறையில் இருக்கிற எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கும் பிடித்திருந்தது. ஒட்டகத்துக்குச் செலவும் இல்லை. சர்ச் நாடகங்களில் செய்வதுபோலப் போர்வைக்குள் இரண்டு பையன்களை விட்டால் அதுவே இன்னொரு சிரிப்பு.

ஆனால் எழுத உட்கார்ந்ததும் இடித்தது. அவர்களை என்னவென்று அழைப்பது? பழைய பைபிள் மொழிபெயர்ப்பில் வளர்ந்த சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) வீட்டில் அவர்கள் சாஸ்திரிகள், கத்தோலிக்க வீட்டில் ஞானிகள், தெருவில் ராஜாக்கள். ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்தாலே கடை எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். மூன்று பேர் என்று, இந்தக் கதையை எழுதிய மத்தேயு எண்ணிச் சொல்லவே இல்லை. காணிக்கை மூன்று என்பதால் ஆளும் மூன்று ஆனது. அதைக் கண்டுபிடித்துக் கமென்ட் போட இந்த மாவட்டத்தில் ஆள் பஞ்சமே கிடையாது.

அதைவிடப் பெரிய சிக்கல் கதைக்குள்ளேயே இருக்கிறது. அவர்கள் வழி கேட்டுப் போய் நின்ற இடம் எருசலேமில் ஏரோது மன்னனின் அரண்மனை. அந்தக் கேள்வியால்தான் அவன் பெத்லகேமின் ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொன்னான். டிசம்பர் 28-ஐ மாசில்லாக் குழந்தைகளின் நாளாகக் கத்தோலிக்கர் நினைவுகூர்வது அதற்காகத்தான். வழி தவறுவதை ஜோக் ஆக்கினால், கதை தெரிந்தவர் மனது தானாக அந்த இடத்துக்குப் போய்விடும். சிரிப்பின் வால் அங்கே முடியக் கூடாது.

சூடு பட்டவன் என்பதால் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் வேறொரு கடைக்கு, வயல்வெளியில் மேய்ப்பர்களுக்குத் தூதர் தோன்றியதும் "சிக்னல் வந்தாச்சு" என்று அவர்கள் குதிப்பதாக ஒரு போர்டு எழுதினேன். மூன்றாம் நாள் பெரியவர் ஒருவர் கடைக்கு வந்தார். சண்டை போடவில்லை. தன் போனுக்கு டெம்பர்ட் கிளாஸ் ஒட்டிவிட்டு, காசும் கொடுத்துவிட்டு, "தம்பி, அந்தப் போர்டு எங்க பிள்ளைங்க ஓய்வுநாள் பள்ளிக்குப் போற வழியில இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலமே கழற்றிவிட்டார்கள். கத்தியிருந்தால்கூடப் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருக்கலாம்.

இத்தனைக்கும் சர்ச் வாலிபர்கள் போடுகிற நாடகத்தில் இதைவிடக் காரமான ஜோக் வரும், போதகரே முன்வரிசையில் உட்கார்ந்து சிரிப்பார். அது வீட்டுக்குள் நடக்கிற கிண்டல். பில் போடுகிறவன் வாயிலிருந்து வந்தால் அதே வரி வேறு மாதிரி கேட்கும். ஆக, ராஜாக்கள் வேண்டாம்.

இரண்டாவது யோசனை எல்லாப் பண்டிகையையும் கலப்பது. இதற்கு ஒரு முன்னோடி உண்டு. 2004-இல் அமெரிக்காவில் வெர்ஜின் மொபைல் நிறுவனம் கிறிஸ்துமஸ், யூதர்களின் ஹனுக்கா, ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் குவான்சா மூன்றையும் ஒட்டி 'கிறிஸ்மஹனுகுவான்சாகா' என்று ஒரு பண்டிகையையே உண்டாக்கி விளம்பரம் செய்தது. அங்கே அது எடுபடும். யாருக்கு என்ன வாழ்த்துச் சொல்வது என்று டிசம்பரில் நிறுவனங்கள் தடுமாறும் நாடு அது. அந்தத் தடுமாற்றம்தான் கிண்டலுக்கு ஆளானது. இங்கே அப்படி ஒரு தடுமாற்றமே இல்லை. தீபாவளிக்கு வந்த தட்டில் கிறிஸ்துமஸ் பலகாரத்தை வைத்துத் திருப்பிக் கொடுப்பதில் யாருக்கும் சங்கடம் கிடையாது. இல்லாத சங்கடத்தை வைத்து என்ன ஜோக் சொல்வது? கடைசியில் மூன்று மதத்துப் பிள்ளைகள் கைகோத்து நிற்கும் காலண்டர் படமாகத்தான் முடியும். அதில் போனும் இருக்காது, சிரிப்பும் இருக்காது.

மூன்றாவது, பாட்டியின் காது. கத்தாரிலிருந்து பேரன் வீடியோ காலில் வருகிறான். பாட்டி போனை வாங்கிக் காதில் வைத்துக்கொள்கிறார். அவனுக்குத் திரை முழுவதும் காது. "பாட்டி, கேக் வெட்டுறதக் காட்டு" என்றால் கூரை தெரிகிறது, அப்புறம் ஒரு கட்டை விரல், அப்புறம் மறுபடி காது. கேக், குடில், ஸ்டார் எதுவுமே அவன் கண்ணில் படாமல் கிறிஸ்துமஸ் முடிந்துவிடுகிறது. நல்ல ஜோக். போன் இல்லாமல் இது நடக்காது, எடுக்கவும் செலவில்லை. என் வீட்டுக்காரிக்கு ஐந்திலும் இதுதான் பிடித்தது.

நான் தயங்கியது இரண்டாவது கேள்வியில். கடைக்கு வந்து போன் வாங்குகிற கூட்டத்தில் பெரிய பங்கு, வெளிநாட்டிலிருந்து மகனோ மகளோ பணம் அனுப்ப, பெட்டியைப் பிரிக்கவே பயந்துகொண்டு வருகிற இதே பாட்டிகளும் தாத்தாக்களும்தான். அவர்கள் டிவியில் பார்ப்பது தங்களையே. ஒருமுறை சிரிப்பார்கள். கடைப் பையனிடம் "வீடியோ எப்படிப் போடணும் மக்கா?" என்று கேட்கும்போது தயங்குவார்கள். மேலும், இது ஓணத்துக்கும் பொங்கலுக்கும் அப்படியே பொருந்தும். கிறிஸ்துமஸ் என்பது பின்னால் தொங்கும் ஸ்டார் மட்டும்தான். பொங்கலுக்கு எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று ஓரமாக வைத்தேன்.

நான்காவதுதான் எனக்கு ரொம்ப நேரம் எடுத்தது. குழந்தையின் முதல் கிறிஸ்துமஸ். சிவப்புக் குல்லா போட்டு, அழுகையை நிறுத்தி, ஒருவழியாகச் சிரிக்க வைத்தாயிற்று. அப்பா போனை நீட்டிக் கிளிக் செய்கிறார்: 'ஸ்டோரேஜ் ஃபுல்'. உட்கார்ந்து அழிக்கிறார். பெரியப்பா அனுப்பிய ஸ்டார் படம். சித்தப்பா அனுப்பிய அதே ஸ்டார் படம். குடும்பக் குரூப்பில் அதே படம் இன்னும் பதினொன்று. மாமியார், மச்சினன் என்று வீடே சுற்றி உட்கார்ந்து அழிக்கிறது. நிமிர்ந்து பார்த்தால் குழந்தை தூங்கிவிட்டது.

விற்பனைக்கு இதைவிட நேரான வழி இல்லை. பழைய போனில் இடம் இல்லை, புதுசு வாங்கு. கடைக்காரருக்கு இதுதான் முதலில் பிடித்தது. ஆனால் விஷயம் தெரிந்த காலேஜ் பையன் என்ன சொல்வான்? "வாட்ஸ்அப்ல மீடியா ஆட்டோ டவுன்லோட ஆஃப் பண்ணுங்க மாமா, இதுக்குப் போய் பதினெட்டாயிரமா?" ஓரளவு அவன் சொல்வது சரிதான். இன்னொன்று, வாழ்த்து அனுப்பிய பெரியப்பாவும் இந்தப் படத்தைப் பார்ப்பார். பண்டிகை நாளில் உங்கள் வாழ்த்து குப்பை என்று அவர் முகத்துக்கு நேரே சொல்வது சரியா? அடுத்த போன் வாங்கப் போகிறவரும் அவராக இருக்கலாம்.

செல்போன் வாழ்த்துக்கு ஒரு வரலாறும் இருக்கிறது. உலகத்தின் முதல் குறுஞ்செய்தியே கிறிஸ்துமஸ் வாழ்த்துதான். 1992 டிசம்பர் 3 அன்று, இங்கிலாந்தில் நீல் பாப்வொர்த் என்ற 22 வயதுப் பொறியாளர், கணினியில் 'மெர்ரி கிறிஸ்துமஸ்' என்று ஆங்கிலத்தில் தட்டி, ஒரு கிறிஸ்துமஸ் விருந்தில் இருந்த வோடஃபோன் அதிகாரி ரிச்சர்ட் ஜார்விஸின் போனுக்கு அனுப்பினார். இடைவெளியையும் சேர்த்து 15 எழுத்து. ஜார்விஸால் பதில் அனுப்ப முடியவில்லை. அந்தப் போனில் அதற்கு வழியே இல்லை. 2021 டிசம்பரில் வோடஃபோன் அந்தச் செய்தியின் டிஜிட்டல் உரிமையைப் பாரிஸில் ஏலம் விட, 1,07,000 யூரோவுக்குப் போனது. குடும்பக் குரூப்பில் இலவசமாகக் கொட்டுகிற பெரியப்பாக்கள் இதைக் கேட்டால் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்கள்.

படமாக வேண்டாம், அட்டையாக இருக்கட்டும் என்று இதற்கு முடிவு செய்தேன். "1992: முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்துக்கு 15 எழுத்து போதும். இன்று: உங்கள் குடும்பக் குரூப்புக்கு 128 ஜிபி போதவில்லை." யாருடைய வாழ்த்து என்று சொல்லாததால் யாருக்கும் குத்தாது. ஆட்டோ முதுகுக்கு இது நீளம்தான். ஆனால் வடசேரி சிக்னலில் பின்னால் நிற்பவருக்கு நேரம் நிறைய இருக்கிறது.

மிச்சம் இருப்பது தாத்தா.

கேரல் கோஷ்டியோடு வரும் கிறிஸ்துமஸ் தாத்தாவைத் தெரியாதவர் இங்கே கிடையாது. சிவப்பு அங்கி, பஞ்சுத் தாடி, ரோஸ் நிறப் பிளாஸ்டிக் முகமூடி, கையுறை, வயிற்றில் தலையணை. டிரம் அடிக்க ஆரம்பித்ததும் ஆடுவார், குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுப்பார். உள்ளே இருப்பது அதே தெரு அண்ணன்தான் என்பது பெரியவர்களுக்குத் தெரியும், குழந்தைகளுக்குத் தெரியக் கூடாது. அதனால் அவர் வாயே திறக்க மாட்டார். ஊமைப் படத்துக்கு இதைவிட நல்ல நாயகன் உண்டா? வசனம் குறைந்தால் ஒலிப்பதிவுச் செலவும் குறையும்.

படம் இதுதான். பாட்டு முடிகிறது. வீட்டுக்காரர் காணிக்கை கொடுக்கச் சட்டைப் பையைத் தடவிவிட்டு, "சில்லறை இல்ல மக்கா, ஜிபே இருக்கா?" என்கிறார். க்யூஆர் அட்டை வைத்திருந்த பொருளாளர் அடுத்த தெருவுக்குப் போய்விட்டார். எல்லோரும் தாத்தாவைப் பார்க்கிறார்கள். அவர் அங்கிக்குள் கையை விட்டு, தலையணையைத் தாண்டி, போனை எடுத்து முகத்துக்கு நேரே பிடிக்கிறார். போனுக்கு அவரைத் தெரியவில்லை. தாடியை இறக்கிப் பார்க்கிறார். ம்ஹூம். கைரேகை வைக்கப் பார்க்கிறார், கையுறை. பின் நம்பரைத் தட்டப் பார்க்கிறார், துணி விரலுக்குத் திரை அசையவே இல்லை. இதற்குள் வீட்டுக் குழந்தை முன்னால் வந்து போனை எட்டிப் பார்க்கிறது. பூட்டிய திரையில் பைக்கில் சாய்ந்தபடி கூலிங்கிளாஸோடு ஒரு படம். "அம்மா! இது நம்ம அண்ணன்!"

போனை எடுத்துவிட்டால் இதில் ஒன்றுமே மிஞ்சாது. தொழில்நுட்பமும் பொய் இல்லை. விலை குறைந்த போன்கள் பலவும் முன்கேமராவை மட்டும் வைத்துத்தான் முகம் பார்க்கின்றன. இருட்டுத் தெருவில் முகமூடி இல்லாமலேயே திணறும். கொரோனா காலத்து மாஸ்க்கால் ஐபோனே திண்டாடியது. மாஸ்க்கோடு முகத்தை மட்டும் வைத்துத் திறக்கும் வசதி 2022-இல்தான் வந்தது. அதுவும் மூக்கையும் வாயையும் மட்டும் மூடியிருந்தால்தான் செல்லும், பிளாஸ்டிக் முகத்துக்குச் செல்லாது.

யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்? தாத்தாவைப் பார்த்து. அவர் புண்பட மாட்டார். மூலத்தில் அவர் இன்றைய துருக்கியில் இருக்கும் மீரா நகரத்து ஆயர் நிக்கோலாஸ், டிசம்பர் 6 அவருடைய திருநாள். ஆனால் வீட்டுக்கு வருகிற இந்தச் சிவப்புத் தொப்பைக்காரர் பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கப் பத்திரிகைச் சித்திரங்களில் உருண்டு திரண்டவர்; 1931 முதல் கோகோ கோலாவுக்காக ஹாடன் சண்ட்ப்ளோம் வரைந்த விளம்பரங்களில்தான் உலகம் முழுக்க இந்த முகத்தோடு நிலைத்தார். அதாவது அவர் ஏற்கெனவே விளம்பரத்தில் வேலை பார்த்தவர். கிறிஸ்துமஸே கொண்டாடாத பெந்தெகொஸ்தே சபைகள் சில இங்கே உண்டு, அவர்களும் தாத்தாவுக்காகச் சண்டைக்கு வர மாட்டார்கள். குடிலைத் தொடாமல் கிறிஸ்துமஸைத் தொட வேண்டும் என்றால் தாத்தா வழியாகத்தான் போக வேண்டும்.

குறை இல்லாமல் இல்லை. பாட்டு ஒரு தொல்லை. கேரல் கோஷ்டிகள் பாடும் தமிழ்ப் பாட்டுகளில் நிறைய, உயிரோடு இருப்பவர்கள் எழுதியவை. அனுமதி இல்லாமல் விளம்பரத்தில் வைக்க முடியாது. பழைய மெட்டானாலும் அடுத்தவர் பதிவு செய்த ஒலி அவருடையதுதான். அதனால் பாட்டு முடிகிற கணத்தில் படத்தைத் தொடங்கி, வெறும் டிரம்மையும் தாளத்தையும் நாமே பதிவு செய்துகொள்வது என்று வைத்தேன். இன்னொரு யோசனையையும் அப்போதே வெட்டினேன்: கடையில் இருக்கிற எல்லா நம்பருக்கும் எஸ்எம்எஸ் அனுப்புவது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி அதற்குப் பதிவு வேண்டும், விளம்பரம் வேண்டாம் என்று பதிவு செய்தவர்களுக்கு அனுப்பவே கூடாது. அந்தக் காசை கேபிளில் போட்டால் போதும்.

பெரிய குறை வேறு. படம் முடியும்போது ஜனங்கள் தாத்தாவை ஞாபகம் வைத்திருப்பார்கள், கடையை வைத்திருப்பார்களா? போன்தான் நகைச்சுவையின் அச்சாணி, சரி. அந்தப் போனைத்தான் தெருவுக்கு நாலு கடை விற்கிறதே. "தாத்தாவா இருந்தாலும் பேரனா இருந்தாலும் போனை செட் பண்ணித் தர்றது எங்க பொறுப்பு" என்று கடைசியில் ஒரு வரி போட்டுப் பார்த்தேன். வரி நன்றாக இருக்கிறது, ஆனால் ஒட்ட வைத்த மாதிரித் தெரிகிறது.

இதையெல்லாம் கடைக்காரரிடம் வாசித்துக் காட்டினேன். ராஜாக்களைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார், ஏரோது வந்ததும் "அய்யோ, வேண்டாம்" என்றார். ஸ்டோரேஜ் அட்டை சரி. தாத்தாவும் சரி. நடிகருக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "முகமூடி போட்டா யாருன்னே தெரியாதுல்லா அண்ணாச்சி? அப்புறம் எதுக்கு நடிகர்? நானே போட்டுக்கிடுதேன்" என்றார்.

தமிழ்நாட்டில் கடை முதலாளிகளின் இந்த ஆசையை எத்தனையோ முறை நாசூக்காகத் தட்டிக் கழித்திருக்கிறேன். இந்தத் தடவை வாயடைத்து உட்கார்ந்துவிட்டேன். பூட்டிய திரையில் இருக்கும் படம் அவருடையது என்றால், குழந்தை கத்தப் போகிற வரி "இது செல் கடை மாமா!"

ஷூட்டிங் கோட்டாறு சவேரியார் திருவிழா டிசம்பர் 3-இல் முடிந்த மறுநாள். கோட்டாற்றுத் தையல்காரரிடம் அங்கி அளவு கொடுத்தாயிற்று. கடைக்காரருக்குத் தலையணை தேவைப்படாது.